ஆயில் மாற்றும்போது பழைய பில்டரையே மாட்டலாமா?

செஞ்சி வட்டாரத்தில் ஆடி பிறந்து நல்ல மழை ஒன்று விழுந்துவிட்டால் டிராக்டர்களுக்கு ஓய்வில்லை. மானாவாரி மணிலாவுக்குப் புழுதி உழவு, சம்பா நெல்லுக்குச் சேற்றுழவு, அறுவடை முடிந்ததும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டை ஏற்றிச் செல்வது என்று ஒன்று மாற்றி ஒன்றாக வேலை வந்துகொண்டே இருக்கும். சொந்த நிலத்தை உழுவதோடு நில்லாமல், அக்கம்பக்கத்தாருக்கு வாடகைக்கு ஓட்டி, அந்த வருமானத்தில் டிராக்டர் கடனின் தவணையைக் கட்டி வரும் சிறு விவசாயிகள் பலர்.

இப்படி உழைக்கும் இயந்திரத்துக்கு ஆயில் மாற்றும் நாள் வரும்போது பட்டறையில் ஒரு கேள்வி எழும். "ஆயிலை ஊத்திடலாம் அண்ணே. பில்டரையும் மாத்தணுமா, இல்ல இருக்கறதையே டீசல்ல அலசிப் போட்டுடலாமா? அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்பார் மெக்கானிக். ஆயிலுக்கே ஆயிரக்கணக்கில் செலவாகியிருக்கும் நேரத்தில் இந்தப் பேச்சு காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். வண்டிக்காரரும் தலையை ஆட்டிவிடுவார்.

இதில் இரண்டு யோசனைகள் கலந்திருக்கின்றன. பழைய பில்டரை அலசிப் போடுவது ஒன்று; அலசாமல் அப்படியே இன்னொரு தவணை ஓட்டுவது மற்றொன்று. முதலாவது எப்போதும் தவறு. இரண்டாவது பெரும்பாலும் தவறு. ஆனால் அதற்குள் சிறிதளவு உண்மை ஒளிந்திருக்கிறது. அந்த உண்மை என்ன என்று தெரிந்துகொண்டால்தான் எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்பது விளங்கும்.

பில்டரின் வேலை

என்ஜினின் அடிப்பாகத்தில் உள்ள எண்ணெய்த் தொட்டியை மெக்கானிக்குகள் 'சேம்பர்' என்பார்கள். அங்கிருந்து ஆயில் பம்பு எண்ணெயை உறிஞ்சி, அழுத்தத்துடன் பில்டருக்குள் தள்ளுகிறது. பில்டருக்குள் விசிறி மடிப்பாக மடித்த, பிசின் ஊட்டிய காகிதம் வட்டமாக அமைந்திருக்கும். எண்ணெய் வெளிப்புறத்திலிருந்து காகிதத்தின் வழியாக உட்புறம் கசிந்து, சுத்தமாகி, கிராங்க் ஷாப்ட் பேரிங்குகளுக்கும் மற்ற உராயும் பாகங்களுக்கும் செல்கிறது. அழுக்கு காகிதத்தின் வெளிப்புறத்தில் தங்கிவிடுகிறது.

ஓடும் என்ஜினில் கிராங்க் ஷாப்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே எண்ணெய்ப் படலம் ஒன்று தாங்கி நிற்கிறது. மனிதத் தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான், அதாவது ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் 70 பங்கு. பேரிங்கில் பளு அதிகம் விழும் இடத்தில் இந்த எண்ணெய்ப் படலமோ சில மைக்ரான் கனமே உடையது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் மணலை விட, கண்ணுக்கே தெரியாத 10, 20 மைக்ரான் துகள்தான் இடையில் புகுந்து அரைக்கிறது. ஆயிலைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதற்கு இங்கே மதிப்பில்லை.

ஆயில் கறுத்துவிட்டது, ஆகவே பில்டர் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் சரியல்ல. டீசல் என்ஜினில் எரிதலினால் உண்டாகும் கரி மிக நுண்ணியது. அதில் பெரும்பகுதி பில்டர் காகிதத்தின் வழியே சென்றுவிடும். அந்தக் கரியைப் படியவிடாமல் தன்னுள் சுமந்து திரிவதற்கான மருந்து ஆயிலிலேயே கலக்கப்பட்டுள்ளது. புதிய ஆயில் ஊற்றிய சில மணி நேரத்தில் கறுப்பது ஆயில் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கே அடையாளம்.

செஞ்சி மண்ணில் என்ன இருக்கிறது?

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்ற மூன்று குன்றுகளையும் வளைத்து நிற்கும் செஞ்சிக் கோட்டை, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம் பெற்ற 12 மராட்டியக் கோட்டைகளில் ஒன்று. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற பெரிய கருங்கல் உருண்டைகளைக் கண்டு வியப்பார்கள். விவசாயி கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் கல் காலப்போக்கில் உதிர்ந்துதான் சுற்றுவட்டாரத்துச் செம்மண்ணும் மணற்பாங்கான மண்ணும் உண்டாயின. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் எனும் வெங்கச்சங்கல் எளிதில் மக்காது. மற்றவை களிமண்ணாக மாறிய பின்னும் அது துகளாகவே நிற்கும். அதன் கடினத்தன்மை மோஸ் அளவில் 7. சாதாரணப் பேனாக்கத்தியின் எஃகு ஐந்தரையை ஒட்டி இருக்கும். பேரிங்கின் மேல் பூசியுள்ள உலோகம் அதைவிட மிகவும் மெத்தென்றது.

ஆகவே புழுதி உழவின்போது டிராக்டரைச் சுற்றி எழும் செந்தூள் வெறும் தூசி அல்ல; உப்புத்தாள் மேல் ஒட்டியிருக்கும் பொடிக்கு ஒப்பானது. மணிலாக்காய் பிரிக்கும் இயந்திரத்தை டிராக்டரைக் கொண்டு ஓட்டும்போதும், கல் அரவை ஆலைகள் உள்ள சாலைகளில் ஜல்லி ஏற்றும்போதும் இதே நிலைதான். வேறு ஊரில், தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டியின் அனுபவத்தை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

அடைத்த பில்டர் காட்டிக் கொடுக்காது

பில்டர் அடைத்துக்கொண்டால் ஆயில் போகாமல் என்ஜின் நின்றுவிடும், அப்போது தெரிந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி நேராமல் இருக்கவே பில்டரிலோ அதைத் தாங்கும் தலைப்பிலோ ஒரு பை-பாஸ் வால்வு வைத்திருக்கிறார்கள். காகிதத்தின் இரு பக்கத்துக்கும் இடையே அழுத்த வேறுபாடு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் இந்த வால்வு திறந்துகொள்ளும். பல என்ஜின்களில் அந்த அளவு சதுர சென்டி மீட்டருக்கு 1 கிலோவை ஒட்டியிருக்கும். அதன்பின் எண்ணெய், காகிதத்தைத் தொடாமலே குறுக்கு வழியில் பேரிங்குக்குப் போகும். எண்ணெயே இல்லாமல் போவதைவிட அழுக்கு எண்ணெய் மேல் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் கருத்து.

இதன் விளைவைப் பார்க்க வேண்டும். டேஷ் போர்டில் ஆயில் அழுத்தம் சரியாகக் காட்டும். சிவப்பு விளக்கு எரியாது. சத்தத்தில் மாறுதல் இருக்காது. ஆனால் வண்டி பில்டரே இல்லாத வண்டியாக ஓடிக்கொண்டிருக்கும். "போன தடவை மாத்தல, ஒண்ணும் ஆகல" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதே உண்மை. தேய்மானம் வெளிப்பட ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மணி நேரம் ஆகலாம். அப்போது குற்றம் ஆயில்மீதோ டிரைவர்மீதோ போய் விழும்.

அலசிப் போட்டால் என்ன?

அலசும் பழக்கத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1923-ல் அமெரிக்காவில் எர்னஸ்ட் சுவீட்லண்டும் ஜார்ஜ் கிரீன்ஹால்கும் மோட்டார் வண்டிக்கு ஆயில் பில்டரை அமைத்தபோது வடிகட்டியது நெய்த துணி. பிறகு கம்பளி அட்டை, கம்பி வலை என்று பலவகை வந்தன. கிணற்றடியில் டக் டக் என்று ஓடிய பழைய டீசல் பம்புசெட்டுகள் பலவற்றில் கம்பி வலைச் சல்லடைதான் இருந்தது. அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மாட்டுவதே முறை. இன்றும் 100 சி.சி. மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் காகித பில்டர் கிடையாது. வலையையும் சுழல் கிண்ணத்தையும் துடைத்து மாட்டுகிறார்கள். அந்தக் கை பழகிய மெக்கானிக், காகித பில்டரையும் அதே போலப் பாவிப்பதில் வியப்பில்லை.

ஆனால் காகிதம் வலையல்ல. வலையில் அழுக்கு மேற்பரப்பில் நிற்கும். காகிதத்தில் இழைகளுக்கு இடையே உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். டீசலில் முக்கி ஆட்டினால் மேலோடு உள்ள சேறு மட்டும் போகும். அடைத்த துளைகள் அடைத்தபடியே இருக்கும். அலசும்போது வெளிப்புறத்து அழுக்கு கலந்த டீசல், நடுத்துளை வழியாகச் சுத்தமான உட்புறத்துக்குள் புகுந்துவிடும். பிறகு வண்டியை ஓட்டினால் அந்த அழுக்கு நேராகப் பேரிங்குக்குப் போகிறது. அதைத் தடுக்க வழியில் வேறொன்றும் இல்லை. காற்றடித்துச் சுத்தம் செய்தாலோ மடிப்பு விரிந்து, ஓரத்தில் ஒட்டிய பசை விட்டுப்போகும். ஊசி முனையளவு கிழிசல் இருந்தாலும் எண்ணெய் அந்த வழியையே தேடிப் போகும். ஆக, அலசிய பில்டர் அலசாத பில்டரைவிடக் கேடானது.

கழுவ வேண்டியவை வேறு இருக்கின்றன. சேம்பருக்குள் பம்பின் வாயில் உள்ள கம்பி வலை, கைப்புத்தகம் கூறும் நேரத்தில் கழுவத்தக்கது. ஆயில் குளியல் வகை ஏர் கிளீனரின் கிண்ணமும் வலையும் கழுவியே தீர வேண்டியவை.

"ஒன்றுவிட்டு ஒன்று" என்பது எங்கிருந்து வந்தது?

சில கார் கம்பெனிகளின் கைப்புத்தகத்திலேயே இரண்டு முறை ஆயில் மாற்றினால் ஒரு முறை பில்டர் மாற்றினால் போதும் என்று கண்டிருக்கிறது. சற்று ஓடிய பில்டர், துளைகள் ஓரளவு சுருங்கியிருப்பதால், புதியதைவிட நுண்ணிய துகளையும் பிடிக்கும் என்பதும் மெய்யே. இவைதாம் மேலே கூறிய சிறிதளவு உண்மை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 5,000 கிலோ மீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றும் கார், சராசரி 40 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். அது 125 மணி நேர ஓட்டம். இரண்டு முறைக்கு ஒரு பில்டர் என்றால் 250 மணி நேரம். இன்றைய டிராக்டர்கள் பலவற்றில் ஆயில் மாற்றும் கெடுவே 250 மணி நேரம்தான். ஆகவே டிராக்டர்காரர் ஒவ்வொரு முறையும் பில்டர் மாற்றினாலும், காரின் பில்டர் உழைத்த நேரமே அவருடைய பில்டரும் உழைத்திருக்கிறது. அதுவும் புழுதியில், முழுப் பளுவில். அதையே 'ஒன்றுவிட்டு ஒன்று' ஆக்கினால் 500 மணி நேரம் ஆகிவிடும். பில்டரை ஆளுவது மணிக் கணக்குதான். எத்தனை முறை ஆயில் மாற்றினோம் என்பதல்ல.

இதே கணக்குப்படி, பழைய பில்டரை விட்டுவைக்கத் தக்க சமயமும் உண்டு. புது பில்டர் மாட்டி 40, 50 மணி நேரமே ஆகியிருக்கையில் சேம்பர் கேஸ்கெட் கசிகிறது என்று ஆயிலை வடிக்க நேர்ந்தால், பில்டரை அவசியம் மாற்ற வேண்டும் என்பதில்லை. கைப்புத்தகமே ஆயிலுக்குக் குறுகிய கெடுவும் பில்டருக்கு நீண்ட கெடுவும் கொடுத்திருந்தால் அதன்படி செய்யலாம். ஆனால் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் போல் ஆகியிருந்தாலோ, பேரிங் தேய்ந்து பிரித்த வேலையாக இருந்தாலோ பில்டர் எவ்வளவு புதிதானாலும் எறிந்துவிட வேண்டும். புது டிராக்டரின் முதல் சர்வீசிலும் அப்படியே. பல வண்டிகளில் இது 50 மணி நேரத்தில் வரும். புது என்ஜினில் உரசி உதிரும் இரும்புப் பொடி முழுவதும் அந்த முதல் பில்டரில்தான் இருக்கும்.

மணி காட்டும் மீட்டரை மட்டும் நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய வகை மீட்டர்கள் என்ஜின் சுற்றும் வேகத்தை ஒட்டியே மணியை எண்ணும். விற்பனைக்கூட வாசலில் வரிசையில் நிற்கும்போது என்ஜினை அணைக்காமல் மெதுவாக ஓடவிட்டால், ஒரு மணி நேரத்தை அந்த மீட்டர் அரை மணியாகக்கூடக் காட்டாது. கரியோ வழக்கத்தைவிட அதிகம் சேரும். மீட்டரே ஓடாத வண்டிகளுக்கு டீசல் கணக்கு உதவும். மணிக்குச் சராசரி 4 லிட்டர் குடிக்கும் டிராக்டர் 1,000 லிட்டர் டீசல் குடித்துவிட்டால் 250 மணி நேரம் ஓடிவிட்டது என்று கொள்ளலாம். பங்கில் கொடுக்கும் சீட்டுகளை ஒரு கம்பியில் குத்தி வைத்தாலே இந்தக் கணக்கு கிடைத்துவிடும்.

பணக் கணக்கு

பில்டர் விலை 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 250 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 1 ரூபாய் 60 காசு. அதே ஒரு மணி நேரத்தில் லிட்டர் 90 ரூபாய் வீதம் 4 லிட்டர் டீசலுக்கு 360 ரூபாய் செலவாகிறது. ஆண்டுக்கு 500 மணி நேரம் ஓடும் வண்டியில், ஒரு பில்டரைத் தவிர்ப்பதால் ஆண்டு முழுவதும் மிஞ்சுவது 400 ரூபாய் மட்டுமே.

இதில் மறைந்துள்ள நட்டம் ஒன்றும் உண்டு. என்ஜினுக்கு 7 லிட்டர் ஆயில் பிடித்து, அதில் முக்கால் லிட்டர் பில்டருக்குள் தங்குகிறது என்றால், பழைய பில்டரைக் கழற்றாமல் விடும்போது பத்தில் ஒரு பங்கு பழைய ஆயில் புது ஆயிலோடு கலந்துவிடுகிறது. நல்ல விலை கொடுத்து வாங்கிய ஆயிலை ஊற்றும்போதே கெடுப்பதாகும்.

மறுபக்கம், பேரிங், லைனர், பிஸ்டன், ரிங் இவற்றை மாற்றி கிராங்க் ஷாப்டையும் கடைசல் பிடிக்க நேர்ந்தால் செலவு பல ஆயிரங்களில் ஓடும். அதைவிடப் பெரிது, உழவுப் பருவத்தில் வண்டி பட்டறையில் நிற்கும் நாட்கள். அந்த நாட்களில் வாடகைக்காரர்கள் வேறு வண்டியைத் தேடிப் போய்விடுவார்கள். வங்கித் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

கழற்றிய பில்டரை அறுத்துப் பாருங்கள்

பில்டரை மாற்றிவிட்டுப் பழையதைத் தூக்கி எறிவதிலும் ஒரு நட்டம் இருக்கிறது. 250 மணி நேரத்தில் என்ஜினுக்குள் நடந்தது அத்தனையும் அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கும். மருத்துவர் இரத்தத்தைச் சோதிப்பது போல இதைச் சோதிக்கலாம், காசு செலவில்லை.

டப்பா வகை பில்டரை வடியவிட்ட பின் தகரம் வெட்டும் கத்தரியால் வாயை ஒட்டி வெட்ட வேண்டும். இரம்பம் போட்டால் அதன் பொடியே உள்ளே விழுந்து குழப்பும். காகிதத்தை எடுத்து ஒரு தாம்பாளத்தில் விரித்து வெயிலில் பாருங்கள். கறுப்பான மசி மட்டும் இருந்தால் கவலையில்லை. விரலில் நறநறவென்று தட்டினால் மண் புகுந்திருக்கிறது. ஏர் கிளீனரையும் அதன் ரப்பர் குழாயையும் உடனே பார்க்க வேண்டும். மினுமினுக்கும் தூள் இருந்தால் ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மேலே காட்டுங்கள். ஒட்டிக்கொண்டால் இரும்பு; அது லைனர், ரிங் அல்லது பற்சக்கரத்திலிருந்து வருவது. ஒட்டாமல் வெள்ளையாகவோ செம்பு நிறமாகவோ செதில் இருந்தால் பேரிங் தேய்கிறது என்று சந்தேகிக்கலாம். வெள்ளைச் செதில் பிஸ்டனிலிருந்தும் வரலாம். இந்த நிலையில் பிரித்துப் பார்த்தால் பேரிங்கோடு செலவு நின்றுவிடக்கூடும். கிராங்க் ஷாப்டைக் காப்பாற்றலாம். பழுப்பு நிறத்தில் கூழ் போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டையோ ஆயில் கூலரையோ பார்க்க வேண்டும்.

ஒரு சிட்டிகை நுண்ணிய இரும்புப் பொடி எந்த என்ஜினிலும் இருக்கும். சென்ற முறையைவிடக் கூடியிருக்கிறதா என்பதே கேள்வி. அதற்காகவே காகிதத்தில் ஒரு துண்டை வெட்டித் தேதியும் மணியும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

மாட்டும்போது

என்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயிலை வடிக்க வேண்டும். ஆறிய பின் வடித்தால் கசடு அடியில் தங்கிவிடும். கொதிக்கும் ஆயில் கையைச் சுட்டுவிடும், கவனம். பழைய பில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பார்ப்பது மிக முக்கியம். பழைய வளையம் என்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதை முறுக்கிவிட்டால் அழுத்தம் ஏறியதும் பிய்த்துக்கொண்டு ஆயில் முழுவதும் சாலையில் கொட்டிவிடும். புது வளையத்தில் சிறிது ஆயில் தடவி, கையாலேயே திருகி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். பில்டரின் மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதன்படி செய்க. கிண்ணத்துக்குள் வைக்கும் எலிமென்ட் வகையானால் கிண்ணத்தின் அடியில் படிந்த சேற்றைத் துடைத்து, ஸ்பிரிங்கும் வாஷரும் இருந்த வரிசையிலேயே வைக்க வேண்டும். ஸ்பிரிங்கை விட்டுவிட்டால் எலிமென்ட் மேலே அழுந்தாது, எண்ணெய் பக்கவாட்டில் ஓடிவிடும்.

வாய் மேல் நோக்கி மாட்டும் வகையானால் பில்டரில் புது ஆயிலை நிரப்பி மாட்டலாம். பிறகு டீசல் நிறுத்தும் குமிழை இழுத்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் சுற்றவிட்டு, ஆயில் அழுத்தம் வந்தபின் என்ஜினை ஓட்ட வேண்டும். சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டுக் கசிவு பார்த்து, அணைத்து, சிறிது நேரம் கழித்து அளவுக் குச்சியைப் பார்த்தால் ஆயில் சற்றுக் குறைந்திருக்கும். பில்டர் நிரம்பியதால் ஏற்பட்ட குறைவு அது. ஊற்றிச் சரிசெய்ய வேண்டும். மாட்டிய தேதியையும் மணியையும் பில்டரின் மேலேயே பெயின்டால் எழுதிவிட்டால் பட்டறையில் வாதம் வராது.

விலை மலிவாக இருக்கிறதே என்று பெயர் தெரியாத டப்பாவை வாங்கக் கூடாது. வெளியே வர்ணம் ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே பை-பாஸ் வால்வும், என்ஜின் நின்றதும் ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வும் சரியான அளவில் இல்லாதவை சந்தையில் கலந்து வருகின்றன. கம்பெனி டீலரிடம் பில்லுடன் வாங்குவது நலம்.

ஆயில் பில்டரில் சேரும் மண், என்ஜினுக்குள் நுழைவது பெரும்பாலும் காற்று வழியாகத்தான். ஆகவே சிக்கனம் வேண்டுமானால் கைவைக்க வேண்டிய இடம் ஏர் கிளீனர். புழுதி உழவு நாட்களில் தினமும் ஆயில் குளியல் கிண்ணத்தைத் திறந்து பார்த்து, அடியில் சேறு படிந்திருந்தால் கொட்டிக் கழுவி, கோடு வரை ஆயில் விட வேண்டும். கோட்டுக்கு மேல் ஊற்றினாலும் கேடு. ஆயிலை என்ஜின் இழுத்துவிடும். காகித வகை ஏர் பில்டரானால் உட்புறத்திலிருந்து வெளிநோக்கி மிதமான காற்று அடிக்கலாம். நீரிலோ டீசலிலோ நனைக்கக் கூடாது. குழாயின் கிளிப் தளர்ந்திருந்தால் எவ்வளவு நல்ல ஏர் கிளீனராலும் பயனில்லை.

மிஞ்சுவது பழைய ஆயில். அதைக் கிணற்றோரத்திலும் வாய்க்கால் கரையிலும் கொட்டுவது எங்கும் காணப்படும் வழக்கம். ஒரு லிட்டர் கழிவு ஆயில் பத்து லட்சம் லிட்டர் வரை நீரைக் கெடுக்கக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மாட்டுப் புண்ணுக்குத் தடவுவதையும் விட்டுவிட வேண்டும்; ஓடிய ஆயிலில் உலோகப் பொடியும், தோலில் நெடுநாள் பட்டால் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களும் இருக்கின்றன. பில்டரை ஓர் இரவு முழுவதும் கவிழ்த்து வடியவிட்டு, வடிந்ததையும் சேம்பர் ஆயிலோடு சேர்த்து மூடியுள்ள கேனில் பிடித்து வைத்தால், பழைய ஆயிலை வாங்கிச் சுத்திகரிப்புக்கு அனுப்புகிறவர்களிடம் பட்டறை மூலமாகவே கொடுத்துவிடலாம். காலி டப்பா பழைய இரும்புக் கடைக்குப் போகும்.